மாத்திரை யாருக்கென்று கேட்கவில்லை

குழந்தைகளா, நான் மருந்துக் கடையில் நின்ற காலத்தைப் பற்றி உங்களிடம் பெருமையாகவே பேசியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், அன்னூரில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருந்தேன். டிப்ளமோ படிப்புதான். பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் மாதம் தவறாமல் வந்து, காலி அட்டையை மேசைமேல் வைத்து, "இதேதானுங்க" என்பார். ரத்தக் கொதிப்பு மாத்திரை. அவருக்குத்தான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு சந்தை நாளில் அவருடைய மனைவி தனியாக வந்தார். முந்தானையால் வாயை மூடியிருந்தார்.

"ஏனுங்க, காத்தால எந்திரிச்சா உதடு வீங்கிக் கெடக்குதுங்க."

"அரிக்குதுங்களா? மேலுல தடிப்பு ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்லீங்க. சும்மா கனமா இருக்குது."

அலர்ஜி வீக்கம் பெரும்பாலும் அரிக்கும், தோலில் தடிப்புத் தடிப்பாக வரும். அலர்ஜி மாத்திரைக்கு அது கேட்கும். அரிப்பே இல்லாமல் உதடோ நாக்கோ வீங்கினால் வேறு காரணம் தேட வேண்டும். சில கொதிப்பு மாத்திரைகளே அப்படிச் செய்யும். அபூர்வமாகச் சிலருக்குப் பரம்பரையாகவும் வரும். இவற்றுக்கு அலர்ஜி மாத்திரை பயன்படாது. இதையெல்லாம் நான் படித்திருந்தேன். அதனால்தான் அரிக்கிறதா என்று கேட்டேன். அவர் இல்லை என்றதும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கடையில் கூட்டம். பொம்பளையிடம் முந்தானையை எடுங்கள், நாக்கைக் காட்டுங்கள் என்று சொல்லவும் கூச்சம். அலர்ஜி மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வீக்கம் வடிந்துவிட்டதாம். தானாக வடியக்கூடியதுதான். நான் கொடுத்த மாத்திரை கேட்டது என்று அவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

இரண்டு மாதம் கழித்து இருவருமே வந்தார்கள். அவர் கையில் காலி அட்டை. அந்த அம்மாவின் உதடு மறுபடியும் வீங்கியிருந்தது.

"இவளுக்கு வாயி வீங்குனா ஊடே அமைதியா இருக்குதுங்க" என்று அவர் சிரித்தார்.

"சிரிங்க, சிரிங்க. நாளைக்கு அடுப்பு ஊத நீங்களே வாங்க" என்றார் அந்த அம்மா, முந்தானைக்குள்ளிருந்து.

நானும் சிரித்தேன். கொதிப்பு மாத்திரையை அவர் கையிலும், அலர்ஜி மாத்திரையை அந்த அம்மா கையிலும் கொடுத்தேன். அப்போதும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அவர் தனியாக வந்தார். தாடி வளர்ந்திருந்தது. மேசைமேல் அட்டை வைக்கவில்லை, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்தார்.

"அவளுக்கு நாக்கு வீங்கிப்போச்சுங்க. எச்சி முழுங்க முடியல. தொண்டைக்குள்ள குழாய் விட்டுத்தான் மூச்சு வந்துச்சு. அந்தப் பிரசர் மாத்திரைதான் காரணமாம், இனி அதைத் தொடவே கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு டாக்டரு."

"மாத்திரை அம்மாவுக்குங்களா?"

"அவளுக்குத்தானுங்க. டவுனுக்கு வாரவன் நானு, அதனால நான் வாங்கிட்டுப் போறது."

சீட்டை எடுத்து இன்னொரு முறை படித்தேன். அவர் பேசிக்கொண்டே போனார்.

"நீங்க குடுத்த மாத்திரை ரெண்டு வாட்டியும் கேட்டுச்சுங்களே. இந்த வாட்டியும் மிச்சமிருந்ததைப் போட்டுட்டு, கேக்கும் கேக்கும்னு மத்தியானம் வரைக்கும் ஊட்டுலயே இருந்துபோட்டோம். இன்னுங் கொஞ்சம் விட்டிருந்தா உசுரே போயிருக்கும்னாங்க."

"நான் கேட்டிருக்கோணுங்க" என்றேன்.

"அட, உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். படித்தவன் நான், முதல் நாளே சந்தேகப்பட்டிருக்க வேண்டியவன் என்று சொல்லியிருக்கலாம். அவர் என்மேல் வைத்திருந்த மரியாதை போய்விடுமே என்று பயந்து, தலையை மட்டும் ஆட்டினேன். சீட்டில் இருந்த புது மாத்திரையை வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கடையில் யாரும் இல்லை. அந்தக் கொதிப்பு மாத்திரைப் பெட்டி ஒன்றைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த மருந்து விவரத் தாளை எடுத்தேன். அதை எப்போதும் குப்பையில்தான் போடுவேன். எறும்பு மாதிரி எழுத்து. வெளிச்சத்தில் பிடித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். உதடு, நாக்கு, தொண்டை வீக்கம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியின் கீழ் நீலப் பேனாவால் கோடு போட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.