ரோலர் ஓட்டுகிறவரின் மோட்டார் சைக்கிள்

என் வீட்டுக்காரர் சர்க்கார் வேலையில் ரோடு ரோலர் ஓட்டினார். கல்யாணமாகி நான் கப்பலேறி அந்தமான் வந்தது அறுபதுகளின் நடுவில். போர்ட் பிளேரைத் தாண்டினால் அப்போது பாதி ரோடு செம்மண். மீதி ரோடு இவர் இனிமேல்தான் போடவேண்டியது. காலையில் ரோலரில் ஏறுவார், சாயங்காலம் இறங்குவார். ஏறிய இடத்தில் நின்று பார்த்தால் இறங்கிய இடம் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விற்றுவிட்டுப் போன பழைய வண்டி. எனக்காகத்தான் வாங்கினார். நாங்கள் இருந்தது காராச்சர்மாவில், தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸில். வெள்ளிக்கிழமை போர்ட் பிளேர் முருகன் கோயிலுக்குப் போகாவிட்டால் எனக்கு அந்த வாரம் ஓடாது. பஸ்ஸோ மழை பெய்தால் வராது. அங்கே மழை பெய்யாத வெள்ளிக்கிழமை குறைவு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, விபூதி பூசி, சூடம் காட்டினேன். வேகம் காட்டுகிற முள் முப்பதிலேயே நின்றிருந்தது. வண்டி கூரைக்குக் கீழே சும்மா நிற்கும்போதும் முப்பதுதான்.

முதல் சில வாரம் கோயிலுக்கு ஒழுங்காகப் போய் வந்தோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வா புள்ள, நான் போட்ட ரோட்டக் காட்டுறேன்" என்றார்.

வண்டூர் போகிற வழியில் அந்த ரோடு இருந்தது. இரண்டு பக்கமும் வங்காளிக் குடியேறிகளின் நெல்வயல், அதற்குப் பின்னால் காடு. தார் போட்டு ஒரு மாதம் ஆகவில்லை. மழை கழுவிவிட்டிருந்தது. மனுஷர் இல்லை, மாடு இல்லை. வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார். "ஒரு குண்டு குழி இருந்தாச் சொல்லு" என்றார். அப்புறம் முறுக்கினார்.

எவ்வளவு வேகம் என்று கேட்டால் முப்பது என்றுதான் சொல்லமுடியும். வயல் பச்சையாக இருந்தது, பிறகு பச்சைக் கோடாக ஆனது. என் வயிறு காராச்சர்மாவிலேயே தங்கிவிட்டது. முந்தானை பின்னால் விறைத்து நின்றது. வயலிலிருந்து கொக்குக் கூட்டம் எழும்பி எங்களோடு கொஞ்ச தூரம் பறந்துவிட்டுப் பிறகு முடியாமல் விட்டுவிட்டது. கொக்கு முடியாமல் விட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். காற்று வாய்க்குள் புகுந்து, என்னைக் கேட்காமலேயே "முருகா! முருகா!" என்ற சத்தம் வெளியே வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அந்த ரோடு முடியும் வரைக்கும் முருகன் பெயரைத் தவிர என் வாயில் வேறு எதுவும் இல்லை. கோயிலில்கூட எனக்கு அவ்வளவு பக்தி வந்ததில்லை.

வண்டி நின்றபோது என் ஒரு கால் செருப்பைக் காணோம். அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணீர், கலைந்த தலை, ஒற்றைச் செருப்பு.

"ரொம்பப் பயந்துட்டியா புள்ள? இனிமே இப்படி ஓட்ட மாட்டேன். சாமி சத்தியம்."

இல்லை என்று சொல்வதற்குள் சத்தியம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் மோட்டார் சைக்கிளை ரோலர் மாதிரி ஓட்டினார். நாய்கள் குரைத்துக்கொண்டே கூட வரும், சலித்துப்போய் எங்களை முந்திப் போகும். ஒரு வங்காளிப் பெரியவர் சைக்கிளில் மீன் கூடையோடு எங்களைக் கடந்துபோனார். போகிறபோது, "க்யா அண்ணா, ரோலர் கஹான் சோடா?" என்று கேட்டார். ரோலரை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று அர்த்தம். இவர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சொல்லவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் வீட்டுக்காரரிடம் "பாத்துப் போங்க" என்று சொல்லத்தான் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள். "வேகமாப் போங்க" என்று ஒரு வாக்கியம் என்னிடம் கிடையாது. இரண்டு தரம் துணிந்து வாசல்வரை வந்தேன். இரண்டு தரமும் வாய் தானாக, "பாத்துப் போங்க" என்றது. "பாத்துத்தான் போறேன்" என்று அவர் இன்னும் குறைத்துக்கொண்டார்.

ஆகவே முருகனிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் இவர் பிள்ளையார் கட்சி, நான் முருகன் கட்சி. பழத்துக்காக ஒருவர் உலகத்தைச் சுற்றினார், ஒருவர் அம்மா அப்பாவைச் சுற்றினார். பழம் யாருக்குக் கிடைத்தது என்பது தெரிந்ததுதான். ஆனால் மயில் மேல் போனவருக்குக் காற்று கிடைத்திருக்குமே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்கு அப்போதெல்லாம் தோன்றும். தேங்காய்க்குப் பஞ்சமில்லாத ஊரில் தேங்காய் நேர்ந்துகொள்வது மரியாதை இல்லை. கப்பலில் வருகிற பேரீச்சம்பழமும் கற்கண்டும் போட்டுப் பஞ்சாமிர்தம் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

பலன் எப்படி வந்தது என்றால், வண்டியை வாங்க ஆள் வந்தது. "ஒனக்காக வாங்குனது. நீயே பின்னால ஒக்காந்து முணுமுணுன்னு சாமி கும்புட்டுக்கிட்டு வாற. எதுக்கு இந்தப் பாவம்?" என்று இவரே பேசி முடித்து வைத்திருந்தார். நான் முணுமுணுத்தது வேகம் வேண்டி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வந்தவர் அபர்டீன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த பெரிய சரீரக்காரர். இந்திதான் பேசுவார். வண்டியைச் சுற்றி வந்தார், உதைத்துப் பார்த்தார், முப்பதில் நின்ற முள்ளைத் தட்டிப் பார்த்தார்.

"இத்னா அச்சா காடி, பேச்தா க்யோன்?" இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விற்கிறாய் என்று கேட்டார்.

"பீபீ டர்தா ஹை," என்றார் இவர். பெண்டாட்டி பயப்படுகிறாள் என்று.

நான் டீ டம்ளரோடு வாசலில் நின்றிருந்தேன். இந்தி நான் காய்கறிக்காரியிடம் கற்றது. அதில் யாரும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை.

"நஹீ டர்தா," என்றேன். பயம் இல்லை.

இருவரும் திரும்பினார்கள். வாய் நிற்கவில்லை. "தேஜ் சலானே ஸே பஹுத் அச்சா லக்தா. தீரே சலாதா, ஓ அச்சா நஹீ." வேகமாகப் போனால் ரொம்பப் பிடிக்கிறது; இவர் மெதுவாக ஓட்டுகிறார், அதுதான் நன்றாக இல்லை. சொல்லிவிட்டு டீயை நீட்டினேன்.

கடைக்காரர் டீயை வாங்கி முழுவதும் குடித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அரே பாயி! காடி ரக்கோ. ரோலர் பேச் தோ!" வண்டியை வைத்துக்கொள், ரோலரை விற்றுவிடு.

"ரோலர் சர்க்கார் கா ஹை," என்றார் இவர். அது சர்க்கார் சொத்தாயிற்றே என்று உண்மையாகவே விளக்கினார்.

கடைக்காரர் பஸ்ஸுக்கு நடந்துபோய்விட்டார். இவர் துணியை எடுத்து வண்டியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். நான் அடுப்பைப் பார்க்க உள்ளே போனேன். பார்ப்பதற்கு அடுப்பில் ஒன்றும் இல்லை.

வெளியே வண்டி உதைபட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஏ புள்ள."

"என்னங்க?"

"செருப்பக் கழட்டி வச்சுட்டு வந்து ஏறு."

"சத்தியம் பண்ணீங்களே?"

"நீ பயந்தேன்னுதான பண்ணுனேன்? பயப்படலேன்னா அந்தச் சத்தியம் செல்லாது."

வண்டூர் ரோட்டில் கொக்குகள் இருந்தன. அவற்றுக்கு எங்களை அடையாளம் தெரிந்திருக்கவேண்டும். இந்தத் தரம் கூட வந்து பார்க்கவில்லை. நான் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன், மறுபடியும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று. வயல் கோடானபோது முன்னாலிருந்து, "பிள்ளையாரப்பா!" என்று பெரிய சத்தம் கேட்டது. அவர் பயந்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கப்பலில் பேரீச்சம்பழம் வந்தது.