ஜீவராணி அக்காவுக்குக் கேட்காதது

ஜீவராணி அக்கா என் மனைவி அனுஷியாவின் மூத்த சகோதரி. ஐம்பத்தொன்பது வயது, கலியாணம் செய்யவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் சேலைப் பகுதியில் முப்பத்தொரு வருடம் நின்றவர். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே யாருடைய கலியாணத்துக்கு எடுக்கிறார்கள், அது வீட்டாருக்குப் பிடித்த கலியாணமா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவார். ஆட்கள் வாய் திறக்க முதலே பதில் சொல்லிப் பழகிய மனுசி. அதனால்தான் அவருக்குக் காது மந்தமாகி வருவது எங்களுக்குத் தெரிய இவ்வளவு காலம் எடுத்தது.

அக்காவின் வீடு கடற்கரைப் பக்கத்து மாடிக் கட்டடம் ஒன்றில், மூன்றாம் மாடியில். நீண்ட லீவு வந்தால் குடும்பம் முழுக்க அங்கேதான். நாங்கள் பாமன்கடையில் இருந்து பாயும் தலையணையுமாக வந்து இறங்குவோம். அக்காவின் தம்பி தனஞ்சயன் நுகேகொடையில் இருந்து மனைவியையும் இரண்டு வயது மகளையும் கூட்டி வருவான். அந்தக் குழந்தையை எல்லாரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு இரண்டு பேர்: கபிஷாவுக்கு ஏழு வயது, திலக்ஷனுக்கு நாலு. வந்த நிமிசத்தில் இருந்து மூன்று பிள்ளைகளும் அக்காவின் பொறுப்பு. பெரியவர்கள் நாங்கள் தூங்குவோம், கடைத்தெருவுக்குப் போவோம், திரும்பி வந்து மறுபடியும் தூங்குவோம். எங்களுக்கு லீவு என்றால் அதுதான்.

பல்கனியில் நின்று பார்த்தால் கீழே மரைன் டிரைவ், அதற்கு அப்பால் இரண்டு தண்டவாளங்கள், அதற்கும் அப்பால் கல்லும் ஒரு துண்டு மணலும். தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் படலை கிடையாது, காவலாளி கிடையாது. பின்னேரங்களில் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயில் லைனைத் தாண்டி மணலுக்குப் போவார். ஒரு காலத்தில் குசினிக்குள் நின்றபடியே, வருகிற ரயில் கோட்டை ஸ்டேஷனுக்குப் போகிறதா அங்கிருந்து வருகிறதா என்று சொல்லக்கூடியவர். அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். போன தைப்பொங்கலுக்குத் தனஞ்சயன் மெல்ல வாயைத் திறந்து, காது டொக்டர் ஒருவரிடம் காட்டுவோமா என்று கேட்டான். அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "என்னட்டப் பிள்ளையள விட விருப்பமில்லையெண்டா நேர சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒருத்தரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. அக்காவின் மனம் நோகும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டது பாதி உண்மை. அவரை விட்டால் பிள்ளைகளை யாரிடம் தள்ளுவது என்பது மீதி.

இந்த வெசாக் பண்டிகைக்குச் சனி தொடக்கம் செவ்வாய்வரை நாலு நாள் லீவு. காற்று தொடங்கிவிட்டது. கடல் இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்தது. பல்கனிக் கதவைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர் கதைப்பதே கேட்காது.

சனிக்கிழமை குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். பிரஷர் குக்கருக்குப் பக்கத்தில் கபிஷா நிலத்தில் சப்பணமிட்டு இருந்தாள். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு விரலை நீட்டினாள். மூன்றாவது விரல் நீண்டதும் அக்கா அடுப்பை நிறுத்தினார். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி.

அன்று பின்னேரம் பிள்ளைகள் புறப்படும்போது கபிஷாவைத் தனியாகக் கூப்பிட்டேன். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் கேட்பதில்லை, லைனடியில் நீ கவனமாகக் கேட்டு ரயில் வந்தால் சொல்லு, நான் சொன்னதாகப் பெரியம்மாவிடம் சொல்லிவிடாதே என்றேன். எதற்கும் ஏன், எதற்கு என்று கேட்டு உயிரை வாங்குகிற பிள்ளை அவள். அன்று ஒன்றும் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். நான் இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை செய்கிறேன். எந்த ஆபத்துக்கு என்ன ஏற்பாடு என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. ஒரு காரியத்தை ஒழுங்கு செய்துவிட்டேன் என்ற திருப்தியோடு போய்த் தேத்தண்ணீர் குடித்தேன். என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை திலக்ஷனும் தனஞ்சயனும் கடதாசியில் வெசாக் விளக்குக் கூடு கட்டினார்கள். வழக்கமாகப் பசையைப் பறித்துச் சண்டை பிடிக்கிற கபிஷா கிட்டப் போகவில்லை. அக்கா போகிற இடமெல்லாம் பின்னால் திரிந்தாள். வாசல் மணி அடித்தால் அக்காவின் சேலையை இழுத்தாள். போன் அடித்தாலும் இழுத்தாள். மத்தியானம் தூங்கப் போட்டால் ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து உட்கார்ந்தாள். சோற்றையும் அரைவாசியில் வைத்துவிட்டாள். வெக்கைக்கு அப்படித்தான் என்றாள் அனுஷியா.

இன்னொன்றையும் கவனித்தேன். கடற்கரைக்கு இறங்க முன்னர் அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். முன்பு அவர் பார்ப்பதில்லை. காதை நம்பாமல் நேரத்தை நம்பத் தொடங்கியிருந்தார். வெசாக் பார்க்க வருகிற சனத்துக்காக ரயில்கள் நேரம் தவறி ஓடுகிற நாட்கள் அவை. இது எனக்குப் பயத்தைத் தந்தது. பயந்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் ஐந்து மணியிருக்கும். பல்கனியில் நின்றேன். நாலு பேரும் மணலில் இருந்து திரும்பி வந்து லைனுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அக்காவின் இடுப்பில் சின்னவள். கோட்டைக்குப் போகிற ரயில் ஒன்று கடல் பக்கத்துத் தண்டவாளத்தில் அவர்களுக்கு முன்னால் போனது. அக்கா ஒழுங்காகக் காத்து நின்றார். கடைசிப் பெட்டி தாண்டியதும் காலை வைத்தார். அந்த ரயிலின் மறைவில், கோட்டையில் இருந்து இன்னொன்று எங்கள் பக்கத்துத் தண்டவாளத்தில் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் நின்ற எனக்கு இரண்டும் தெரிந்தன.

கத்தினேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். அக்கா நிமிர்ந்து என்னைக் கண்டார். சிரித்தார். சின்னவளின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டியபடி அடுத்த அடியை வைத்தார்.

கபிஷா பின்னால் குனிந்து, கல்லுக்குள் சிக்கிய தம்பியின் செருப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். ரயில் ஹோர்ன் அடித்தது. அவள் தலை நிமிர்ந்ததைக் கண்டேன். பாய்ந்து வந்து அக்காவின் சேலையை இரண்டு கையாலும் பற்றி, தன் முழுப் பாரத்தோடும் நிலத்தில் குந்தினாள். பிறகு ரயில் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகப் போனது. வாசலில் தொங்கிய பெடியன்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்குக் கடவுளின் பெயர்கூட வாயில் வரவில்லை.

ரயில் போனபோது அக்கா மற்றத் தண்டவாளத்தில் மல்லாந்து கிடந்தார். சின்னவள் அவர் நெஞ்சில் கிடந்து அழுதாள். திலக்ஷன் ஒற்றைச் செருப்போடு நின்றான். நாலு பேரும் இருந்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அக்காவின் முழங்கைக் காயத்தை அனுஷியா துடைத்தாள். தனஞ்சயன் சின்னவளை இறக்காமல் அறைக்கும் வாசலுக்குமாக நடந்தான். கபிஷா சுவரோடு ஒட்டி நின்றாள். அழவில்லை. கெட்டிக்காரி என்று தலையைத் தடவப் போனேன், விலகினாள்.

"என்ர பிழை, அப்பா. தம்பின்ர செருப்பைப் பாத்திட்டன்."

உன் பிழை இல்லை என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துச் சொன்னாள்.

"நீங்கள் கேட்டுச் சொல்லச் சொன்னனீங்கள்தானே. பெரியம்மாவும் பொங்கல் லீவிலயே சொன்னவா, நீதான் எனக்குக் காது, அப்பாட்டச் சொல்லிப்போடாத எண்டு. நான் ரெண்டு பேருக்கும் சொல்லேல்ல."

பிள்ளை என் பக்கம் திரும்பி நின்று சொன்னதால் அக்காவுக்கு அது விளங்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்டார். நான் அவருக்கு முன்னால் குந்தி, அத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தி, ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன். என்னுடைய பங்கையும் சொன்னேன்.

அக்கா கபிஷாவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு என்ர மரியாதை, உங்களுக்கு உங்கட நித்திரை," என்றார். "பிள்ளை எல்லாத்தையும் தலையில காவியிருக்கு, தம்பி."

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா தானாகவே தனஞ்சயனைக் கூப்பிட்டு, லீவு முடிய டொக்டரிடம் போவோம் என்றார். அடுத்த லீவுக்கு ஒருவரும் வரவேண்டாம், பிள்ளைகளை உங்கள் வீட்டில் நீங்களே பாருங்கள், நான் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த மூன்று பிள்ளைகளை விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பின்னேரம் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒழுங்கையால் நடந்து காலி வீதிக்கு வந்தோம். அனுஷியா திலக்ஷனோடு முன்னால் கடந்து போய்விட்டாள். நானும் கபிஷாவும் பாதசாரிகள் கடக்கிற மஞ்சள் கோட்டடியில் நின்றோம். நான் காலை வைக்கப் போனேன், அவள் என் கையைப் பின்னால் இழுத்தாள். ஒரு பஸ் போகும்வரை நிறுத்தி வைத்தாள். பிறகு, "இப்ப வாங்கோ, அப்பா" என்றாள், வாயை நன்றாகத் திறந்து, எனக்கு விளங்கும்படி.

எனக்கு நன்றாகக் கேட்கும் பிள்ளை என்றேன். தலையை ஆட்டினாள். மறுபக்கம் போய்ச் சேரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.