பெரிய குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்றேன்

எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் யாரைப் பார்த்தாலும் பெயருக்கு அடுத்த கேள்வி, எந்த பிளாக், என்ன டைப் குவார்ட்டர்ஸ் என்பதுதான். பதிலைக் கேட்ட பிறகே, நாற்காலி போடுவதா, வாசலோடு பேசி அனுப்புவதா என்று முடிவாகும். என் கணவருக்குப் பதவி உயர்வோடு பெரிய குவார்ட்டர்ஸும் வந்தபோது, போகலாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது?

எனக்கு மட்டும் பயமாக இருந்தது. பட்டம் வாங்கியவள்தான், ஆனால் ஆறு மாதக் குழந்தை இருமினால் என்ன செய்வதென்று தெரியாது. பிறந்த வீடு ஒரு நாள் பயணத் தூரம். பதவி உயர்ந்தும் கணவருக்கு நைட் ஷிப்ட் ஓயவில்லை.

நாங்கள் இருந்த சின்னக் குவார்ட்டர்ஸ் வரிசையில் அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்கும் வீட்டுக் கேட்டில் ஒரு துண்டைப் போட்டுவிடுவோம். அதைப் பார்த்ததும் ரேடியோக்கள் தணியும், பிள்ளைகள் வேறு பக்கம் விளையாடப் போவார்கள். பக்கத்து வீட்டு அக்கா வந்து என் குழந்தையைத் தூக்கிப்போவாள். குறிஞ்சிப்பாடிக்காரி. முதல்முறை கொடுக்கத் தயங்கினேன்.

“நாலு பெத்தவ நான். உம் புள்ளைய முழுங்கிட மாட்டேன், குடு இங்க” என்றாள்.

பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான் அவசரமில்லாமல் தலைக்குக் குளித்தேன்.

புது வீட்டைப் பார்க்கப் போனோம். மூன்று அறைகள், சுற்றிலும் தோட்டம். அடுத்த வீட்டு அம்மாள் கிரில் கதவைத் திறக்காமலே பேசினார்.

“நல்ல இடம்மா. நாங்க வந்து மூணு வருஷமாச்சு. யாரும் யார் வீட்டுப் படியும் ஏறினதில்ல. நிம்மதி.”

பெருமையாகத்தான் சொன்னார். நான் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

திரும்பும்போது சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து குழந்தையை இறுக்கிக்கொண்டு, “இந்த வீடு வேண்டாங்க” என்றேன்.

சைக்கிளை நிறுத்திவிட்டார். “எனக்குக் கீழ வேலை பாக்கறவன் வரிசையிலயே நானும் கிடக்கணுமா? மேல வரத்தானே ஊரை விட்டு வந்தோம்?”

“மேல போங்க. ராத்திரி நீங்க மைன்ஸ்ல இருக்கும்போது புள்ளைக்கு ஜுரம் வந்தா, மூணு ரூம்ல எந்த ரூம் வந்து தூக்கும்?”

அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவர் உழைத்து வாங்கியதை உதறச் சொல்கிறேனே, பிள்ளை வளர இடம் வேண்டாமா என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. இந்த மாதம் எவ்வளவு நிலக்கரி வெட்டினோம் என்று ஊரே பெருமையாகப் பேசும். வெட்டியவர் தூங்கி எழும்வரை அவர் குழந்தை யார் இடுப்பில் இருந்தது என்று ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. பேசாவிட்டால் அது இல்லையென்று ஆகிவிடுமா?

இரண்டு நாள் அவர் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார். பிறகு, வீடு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

“ஆபீஸ்ல சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும்.”

அக்கா சிரிக்கவில்லை, திட்டினாள். “பைத்தியமா உனக்கு? எங்க வூட்டுக்காரருக்குக் குடுத்திருந்தா நேத்தே மூட்டை கட்டிகினு போயிருப்பேன்.”

“போயிருப்பீங்கக்கா. நான் போகல.”

தப்பு செய்தேனோ என்று இப்போதும் சில நாள் யோசிப்பேன். யோசித்து முடிக்கும்போது, மறுபடி கேட்டாலும் வேண்டாமென்றே சொல்வேன் என்று தோன்றும்.