ரமாபாயும் இரண்டாவது டிஸ்க்கும்

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் ரமாபாய் பத்து வருடமாக வேலை பார்க்கிறாள். ஊழியர் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘டேட்டா என்ட்ரி’ என்றுதான் இன்னமும் இருக்கிறது. ஆனால் அந்த யார்டில் எந்தக் கம்ப்யூட்டர் நின்றாலும் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்தவள். அப்பா லட்சுமணன் பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவியவர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த கையோடு வண்ணாரப்பேட்டையில் ஒரு கேபிள்காரரிடம் சேர்ந்து, ஏணி போட்டு மாடி மாடியாக வயர் இழுத்தாள். பொம்பளைப் பிள்ளை ஏணியில் ஏறுகிறாளே என்று தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள், தங்கள் வீட்டு இன்டர்நெட் நின்றபோது அவள் பெயரைச் சொல்லித்தான் ஆள் அனுப்பச் சொன்னார்கள்.

யார்டின் உயிர் கேட்டில் இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு டிரெய்லரின் கண்டெய்னர் நம்பரையும் கேட் கம்ப்யூட்டரில் தட்டி, அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தடுப்புக் கட்டை தூக்கப்படும். அந்தக் கேள்வியும் பதிலும் போய்வருவது ரௌட்டர் வழியாக. எண்ணூர்ப் பக்கத்து உப்புக்காற்றும் நிலக்கரித் தூசியும் எந்த மிஷினையும் அதிக நாள் வாழவிடுவதில்லை. கடையில் வாங்கி வைத்த ரௌட்டர் இரண்டாவது முறை செத்தபோது, ரமாபாய் ஒரு யோசனை சொன்னாள். சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு புது டிஸ்க்கைப் போட்டு, அதையே ரௌட்டராக்கி விடலாம். ஒரு டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் அதே நொடியில் இன்னொன்றிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும்.

முதலாளி சாலமோன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சிறு கிடங்கிலிருந்து இந்த யார்டு வரைக்கும் வளர்ந்தவர். செய்யும்மா என்றார். இன்ஸ்டால் செய்யும்போது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியே கேட்டது, இரண்டு டிஸ்க் இருக்கிறது, ஜோடியாக்கவா என்று. ஆமாம் என்று தட்டினாள். அதோடு விடவில்லை. முதல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுப்பிப் பார்த்தாள், எழுந்தது. அதை மாட்டி, இரண்டும் சமமாகும் வரை காத்திருந்து, இரண்டாவதைக் கழற்றிப் பார்த்தாள். அப்போதும் எழுந்தது. அப்புறம்தான் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் வந்ததும் முதல் வேலை, பெட்டியின் நிலவரத்தைப் பார்ப்பது. திரையில் ஆங்கில ‘யு’ எழுத்து இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டு டிஸ்க்கும் நலம் என்று அர்த்தம். ஒரு ‘யு’ போய் அந்த இடத்தில் வெறும் கோடு இருந்தால் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். ஒன்றரை வருடம் இரண்டு ‘யு’வும் நின்றன. ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, கோடு.

வேறொரு டிஸ்க் கேட்டாள். இதற்குள் சாலமோனின் தங்கை மகன் ஜெரின், படிப்பை முடித்துவிட்டு ஐ.டி. பொறுப்பில் உட்கார்ந்திருந்தான். அவன் இந்த வேலையை ஊரின் தென்கோடியில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் ஒரு பராமரிப்புக் கம்பெனிக்குக் கொடுத்தான். அங்கிருந்து விமல் என்ற இன்ஜினியர் வந்தான். செத்த டிஸ்க்கை எடுத்தான், புதியதை மாட்டினான், ஜோடியில் சேர்த்தான். நகல் ஓட ஆரம்பித்தது. நாலு சதவீதம் ஏறியதும் வேலை முடிந்தது என்று பேப்பரில் எழுதி, ஜெரினிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

ரமாபாய் குறுக்கே நின்று ஒன்று கேட்டாள். நகல் ஓடும்போது உள்ளே இருப்பது எல்லாம் வந்துவிடும். ஆனால் பெட்டியை எழுப்பிவிடுகிற அந்தச் சின்ன நிரல், டிஸ்க்கின் தலைமாட்டில் ஜோடிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. அது தானாக வராது, தனியாகப் போட வேண்டும். போட்டாயா?

“அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா ஆயிடும் மேடம்” என்றான் விமல், பையின் ஜிப்பை இழுத்தபடி.

ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு வரி கட்டளை. தானே போட்டிருப்பாள், ஆனால் பாதுகாப்பு என்று சொல்லி அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். அவளுக்குக் கொடுத்தது பார்க்க மட்டும். அவள் கையால் கட்டிய பெட்டியை அவள் பார்க்கலாம், தொடக்கூடாது. ஜெரினிடம் போய், ஞாயிற்றுக்கிழமை யார்டு காலியாக இருக்கும்போது பத்தே நிமிடம் கொடுங்கள், பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியது தனியாக எழுகிறதா என்று பார்த்துவிடலாம் என்றாள். ஓடிக்கொண்டிருப்பதை எதற்குக் கழற்ற வேண்டும் என்று அவன் சிரித்தான். நீங்கள் என்ட்ரியைப் பாருங்கள் என்றும் சொன்னான். அவள் திரும்பி வந்து, சொன்னது அத்தனையையும் மெயிலில் எழுதி அனுப்பினாள். ‘பார்த்தேன்’ என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

அன்றிலிருந்து திரையில் இரண்டு ‘யு’ நிற்கும். பொய் என்று தெரிந்தும் தினமும் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

டிசம்பர் மழையில் ஒரு நாள் காலை பத்தரைக்குக் கரண்டு போய்த் திரும்ப வந்தது. எல்லாம் எழுந்தது, ரௌட்டர் மட்டும் எழவில்லை. கறுப்புத் திரையில், எழுப்ப டிஸ்க் இல்லை என்ற ஒரு வரி. ஆகஸ்டில் தப்பிய பழைய டிஸ்க் இப்போது செத்திருந்தது. கால் மணி நேரத்தில் டிரெய்லர்கள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நின்றுவிட்டன. டிரைவர் மஜீது மழையில் நனைந்துகொண்டே ஜன்னலருகே வந்தார். பதினைந்து வருடமாக இந்த யார்டுக்கு வண்டி ஓட்டுகிறவர்.

“இன்னா ரமா, கட்டையே தூக்க மாட்றாங்கோ? பின்னாடி போலீசு வந்து கத்திகினு கீறான்.”

அவள் ஜன்னலை விட்டு ஜெரினின் அறைக்கு விரைந்தாள். உள்ளே ஜெரின் போனில் விமலிடம் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு டிஸ்க்கும் போய்விட்டது, எதுவும் மிஞ்சாது, புது மிஷினில் முதலிலிருந்து செய்ய வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றான் விமல். போனை வைத்த ஜெரின் உடனே செய்தது என்ன தெரியுமா? ஒரு விளக்கக் கடிதம் டைப் செய்தான். கரண்டு போன சமயத்தில் முறைப்படி நிறுத்தாமல் பெட்டியை அணைத்ததால் பழுது ஏற்பட்டது, அதற்கு நானே பொறுப்பு என்று. அடியில் ரமாபாயின் பெயர். கையெழுத்துக்கு ஒரு கோடு.

அவள் அதை நின்றபடியே படித்தாள். கரண்டு போன நேரத்தில் அவள் அந்த அறையிலேயே இல்லை, எடை மேடையில் பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். இது ஜெரினுக்கும் தெரியும், ஏனென்றால் அனுப்பியதே அவன்தான்.

அந்த நேரம் சாலமோன் வந்து சேர்ந்தார். ரோட்டில் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு வந்த முகம்.

“வண்டியெல்லாம் ரோட்டுல நிக்கி. என்ன செய்யப் போறீய?” என்றார் பொதுவாக.

ஜெரின் இரண்டு நாள் கதையை ஆரம்பித்தான். ரமாபாய் கடிதத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

“டிஸ்க்கு ரெண்டும் சாவல சார். ஒண்ணுதான் செத்துது. இன்னோண்ணுல எல்லாம் பத்ரமா கீது, அத்த எழுப்பத்தான் யாரும் வழி வெக்கல. அர மணி நேரம் குடுங்க. அதுவரிக்கும் யாரும் கூப்டாதீங்க.”

சாலமோன் அவளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், தலையசைத்தார்.

அவள் பையில் இருந்த பென் டிரைவில் அதே ரௌட்டர் சிஸ்டத்தை ஏற்றி, அதிலிருந்து பெட்டியை எழுப்பினாள். எழுந்தது பென் டிரைவிலிருந்து என்பதால் அவர்கள் மாற்றிய பாஸ்வேர்டு குறுக்கே வரவில்லை. புது டிஸ்க்கைத் திறந்தாள். எல்லாம் இருந்தது. அவள் எழுதிய விதிகள், கேட்டின் வழி, நேற்று சாயங்காலம் வரைக்கும் நடந்த அத்தனை மாற்றமும். ஆகஸ்டில் போட்டிருக்க வேண்டிய அந்த ஒரு வரியைப் போட்டாள். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி எழுப்பினாள். எழுந்தது. ஒரு ‘யு’, ஒரு கோடு. பொய் இல்லாத நிலவரம். வெளியே கட்டை தூக்கும் சத்தம் கேட்டபோது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஜெரின் கடிதத்தை மறுபடி அவள் பக்கம் தள்ளினான். ஃபைலுக்கு ஒரு பேப்பர் வேண்டும், ஃபார்மாலிட்டிதான், போட்டுவிடுங்கள் என்றான். அவள் போனை எடுத்து, ஆகஸ்ட் மாதத்து மெயிலைச் சாலமோன் முன்னால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். அவனுடைய ஒரு சொல் பதிலையும் வாசித்தாள்.

சாலமோன் நெற்றியைத் தடவினார். “நம்ம பிள்ளைதானம்மா. தெரியாம செஞ்சிட்டான். விட்டுரு.”

“நானும் இங்க பத்து வர்சமா கீறேன் சார். நான் யாரு? அவரு நம்ம புள்ளன்னா, அந்த லெட்டர்ல நம்ம புள்ள பேர எய்துங்க. தப்பு பண்ணவன் ஒர்த்தன், கையெய்த்து போட்றவ ஒர்த்தியா?”

குரல் உயரவில்லை. ஆனால் அடுத்த அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. சாலமோன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார். வைக்காதீர்கள், இங்கேயே கிழியுங்கள் என்றாள். அவர் மடித்ததைப் பிரித்தார். பிறகு நாலாகக் கிழித்தார். பாஸ்வேர்டை அவளிடம் கொடு என்று ஜெரினிடம் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பு என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. அன்று வீட்டில் புருஷன் பாரியிடம் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான்.

மறுநாள் புது டிஸ்க்கோடு விமல் வந்தான். இந்த முறை அவள் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நூறு சதவீதம் ஆகும் வரை அவனை எழவிடவில்லை. எழுப்பும் நிரலை அவன் கையாலேயே போடவைத்தாள். ஒவ்வொரு டிஸ்க்காகக் கழற்றி எழுப்பிப் பார்த்தார்கள். வேலை முடிந்ததும் அவன், நிஜமாகவே தனக்குத் தெரியாது, யாரும் சொல்லித் தரவில்லை என்றான். அவளுக்கு அப்போதுதான் அது தோன்றியது.

“இத்தே மாதிரி இன்னும் எத்தினி எடத்துல மாட்டிட்டு வந்துகீற?”

அவன் விரல்விட்டு எண்ணினான். ஏழு. மூன்று கிடங்கு, இரண்டு ஷிப்பிங் ஆபீஸ், ஒரு பள்ளிக்கூடம், ராயபுரத்தில் ஒரு டயாலிசிஸ் மையம்.

ரமாபாய் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். அவனைத் தனியாக அனுப்ப அவளுக்கு நம்பிக்கை இல்லை. அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து நேரே டயாலிசிஸ் மையத்துக்குப் போனாள். அங்கே மேனேஜர் நன்றாகத்தான் ஓடுகிறது, எதற்குத் தொட வேண்டும் என்றார். ஆகஸ்டில் கேட்ட அதே பேச்சு. உள்ளே நோயாளிகள் வரிசையாகப் படுத்திருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நிறுத்த வேண்டாம், ஒரு வரி போடவைக்கிறேன், பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்றாள். முடியாது என்றால், பெட்டி ஒருநாள் எழாது என்று இன்றைக்கு நான் வந்து சொன்னதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று வெள்ளைத்தாளை நீட்டினாள். மேனேஜர் தாளைப் பார்த்தார். பிறகு சர்வர் அறைச் சாவியை எடுத்தார்.

அந்த வாரத்துக்குள் ஏழில் ஐந்து சரியாயிற்று. இரண்டு கிடங்குகளில் உள்ளேயே விடவில்லை. தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டுக்கும் அதே எச்சரிக்கையை எழுதி அவள் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறாள்.