வூட்லதான் கீறா

“கழட்டுடி அத” என்று ஞானம்மா மாற்றுத்திறனாளிகள் நல அலுவலக வராந்தாவிலேயே ஷெர்லினின் கழுத்துக்குக் கை நீட்டினாள். கல்லூரி அடையாள அட்டை டிபன் பைக்குள் போயிற்று.

“உள்ள போனா வாயே தொறக்காத. பொண்ணு வூட்லதான் கீறான்னு நான் சொல்லிக்கிறேன்.”

“படிக்கிறது தப்பாம்மா?”

“காலேஜி போற புள்ளைக்கு ஊனமுற்றோர் பணம் எதுக்குன்னு கேப்பாங்கடி. நீ சேந்ததுலேர்ந்து வரல பாரு.”

ஷெர்லினின் ஆறு வயதிலிருந்து மாதாமாதம் வரும் பணம் அது. பேருந்துப் படி அவளுடைய ஊன்றுகோல்களுக்கு எட்டாத உயரம். பென்னலூரிலிருந்து தண்டலம் கல்லூரிக்கு ஆட்டோதான், அந்த வாடகைக்கு இந்தப் பணம்தான். ஜூனில் பி.காம். சேர்ந்தாள், ஜூனிலிருந்தே ஏ.டி.எம். கைவிரித்துவிட்டது. அம்மாவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

எழுத்தர் சக்திகுமார் கோப்பை விரித்தார். பால்பல் விழுந்த முகத்தோடு தன் படம் ஒட்டியிருப்பதை ஷெர்லின் எட்டிப் பார்த்தாள். கீழே ‘ஊனம் 75 சதவீதம்’ என்று இருந்தது. கால்கள் இரண்டு. அவை மட்டுமே எழுபத்தைந்தா? மற்றதெல்லாம் சேர்ந்தும் இருபத்தைந்துதானா?

“சார், இத எப்படி சார் அளக்கிறாங்க?”

ஞானம்மா அவள் தொடையைக் கிள்ளினாள்.

“டாக்டருங்க ஏதோ அட்டவணை வெச்சிருப்பாங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல” என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். “இன்னா பண்றே நீ?”

“வூட்லதான் கீறா சார்” என்று அம்மாவும், “பி.காம். முதல் வருஷம் சார்” என்று மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“வெளிய போயி ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு வாங்க” என்று சிரித்துவிட்டு அவர் கணினியைத் தட்டினார். “படிக்கிறதுக்காக யாரும் நிறுத்தலம்மா. பணம் மாசாமாசம் ஏறிக்கினுதான் கீது. பொறந்த தேதி?”

“மே இருபத்தாறு.”

“அதான். பதினெட்டு முடிஞ்சிடுச்சு. கார்டியன்னு நீங்க வெச்சிருந்த கணக்கு, இனிமே உங்க கையில ஓடாது. பொண்ணே பேங்குக்குப் போயி தன் பேர்ல மாத்திக்கணும்.”

“நான் பெத்தவ சார்.”

“அது பேங்குக்கும் தெரியும்மா. பொண்ணு வளந்துடுச்சு, இன்னா பண்றது?”

ஞானம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பயந்துகொண்டே இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறாள். வங்கியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“படிப்புக்குன்னு தனியா ஒண்ணு கீதாமே சார்?” என்றாள் ஷெர்லின். “ரெண்டும் வாங்கலாமா?”

“அது வேற மனு. சேத்து வாங்கலாமான்னு மேல கேட்டுச் சொல்றேன்.”

“எப்போ சார்?”

“எழுந்துருடி” என்றாள் ஞானம்மா.

திரும்பும்போது ஞானம்மா மகளைத் தூக்கிப் பேருந்தில் ஏற்றினாள். சுங்குவார்சத்திரம் தாண்டியதும், “நாளிக்கு எனக்கு லீவு கிடைக்காது” என்றாள்.

“நான் போறேன்.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீ எதனா கேக்காத.”

“கேப்பேன்.”

மறுநாள் ஞானம்மா ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கு, கேன்டீன் வேலைக்குப் போனாள். ஷெர்லின் பத்து மணிக்கு ஆட்டோவில் வங்கிக்குப் போனாள். டோக்கன் எண் முப்பத்தொன்று. ஆதார் நகலும் இரண்டு புகைப்படமும் கொடுத்து, மூன்று இடத்தில் கையெழுத்திட்டாள். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள்; ஒரு வாரம் என்றார்கள். பன்னிரண்டு மணிக்குத் தண்டலம் போய்ச் சேர்ந்தாள். மூன்றாவது வகுப்பு தொடங்கியிருந்தது.