துட்டி தெரியாத வீடு

ஆறுமுகநேரியிலிருந்து கடலை நோக்கிப் போகும் மண்சாலை, இரு பக்கமும் உப்புப் பாத்திகளாகவே நீண்டு, கடைசியில் ஒரே ஒரு வீட்டின் முன் முடிந்துவிடும். அந்த வீட்டில் ஆவுடையப்பனும் அவர் மனைவி அருணாசலவடிவும் வாழ்கிறார்கள். நிலத்தடி உப்புநீரை மோட்டார் போட்டு இறைத்துப் பாத்திகளுக்குப் பாய்ச்சுவது ஆவுடையப்பனின் வேலை. மோட்டாரின் ஓசை சற்று மாறினாலும் உறக்கத்திலிருந்து எழுந்துவிடக் கூடியவர். மனிதர்களிடம் அதிகம் பேசாதவர். ஊருக்கும் அவருக்கும் இருந்த தொடர்பில் பெரும்பகுதி, கம்பம் கம்பமாகத் தாவி வீட்டுக்கு வந்த கேபிள் ஒயர் வழியாகவே வந்துகொண்டிருந்தது.

கேபிள் கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது, மாதக் கட்டணமே இல்லாத ஒரு டிஷ்ஷை வாங்கிக் கூரைமேல் பொருத்திவிட்டுப் போனான். பழைய செட்டாப் பாக்ஸைத் திரும்பப் பெற வந்த கேபிள்காரர் கம்பத்தடியில் நின்று தயங்கினார்.

“அண்ணாச்சி, நல்லா யோசிச்சுக்கிடுங்க. ஒருக்கா ஒயரச் சுருட்டிட்டேன்னா, உங்க ஒத்த வீட்டுக்காவ மறுபடி இம்புட்டு தூரம் இழுக்க மாட்டேன். உப்புக்காத்து மாசம் ஒரு ஜாயிண்ட்டத் தின்னுது.”

“சுருட்டும்வே. டிஷ்ல நூறு சானல் வருது.”

“நூறு வரும். நம்மூரு வராதுல்லா?”

“நம்மூர டிவில வேற பாக்கணுமாக்கும்? வாசல்ல நின்னா தெரியுது.”

கேபிள்காரர் சிரித்துக்கொண்டே ஒயரைச் சுருட்டிக் கொண்டு போனார். அவர் சொன்னது உள்ளூர்ச் சானலை. கோயில் கொடை, பள்ளிக்கூட ஆண்டுவிழா, தண்ணீர் வராத நாள் எல்லாம் அதில் வரும். திரையின் அடிப்பகுதியில், அன்று இறந்தவர்களின் பெயரும் ஊரும் அடக்கம் செய்யும் நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பகுதியில் சாவுச் செய்தியைத் துட்டி என்பார்கள். முன்பெல்லாம் வீடு வீடாக ஆள் அனுப்பித் துட்டி சொல்லுவார்கள். கேட்டவர்கள் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போயாக வேண்டும். கல்யாணத்துக்குப் போகாதவனை மன்னிப்பார்கள், துட்டிக்குப் போகாதவனை மன்னிப்பதில்லை. உள்ளூர்ச் சானல் வந்த பிறகு ஆள் அனுப்புவது நின்றுபோயிற்று. ஊரே பார்த்துவிடுகிறது என்பதால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கணவனும் மனைவியும் வைத்திருந்தது பட்டன் போன், அதற்கும் உப்பளத்துக்குள் பாதி நேரம் சிக்னல் கிடைப்பதில்லை. ஒயர் போனதோடு ஊரின் சாவுகளும் அந்த வீட்டுக்கு வருவது நின்றன.

முதலில் வந்தவர் மணப்பாட்டு அம்புரோஸ். கருவாட்டு வியாபாரி. மீனுக்குப் போட உப்பு வாங்க லோடு ஆட்டோவில் வருவார். வரும்போதே, “அண்ணாச்சி, இன்னைக்கு உப்புல மண்ணா, மண்ணுல உப்பா?” என்று கத்திக்கொண்டுதான் வருவார். பங்குனி மாதத்து உச்சி வெயில் அது. பாத்திகள் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தன. ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தபோது அம்புரோஸ் மோட்டார் கொட்டகையின் நிழலில் நின்றிருந்தார். ஆட்டோ வந்த சத்தமே கேட்கவில்லை.

“வண்டி எங்கவே?”

“வண்டி எதுக்கு அண்ணாச்சி. சும்மா சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்.”

“என்னத்தச் சொல்ல?”

அம்புரோஸ் உப்புக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். விலை கேட்கவில்லை, கேலியும் பேசவில்லை. ஆவுடையப்பன் செம்பில் தண்ணீர் நீட்டினார். “தாகம் இல்ல” என்று கையை அசைத்தார். அந்த வெயிலில் நடந்து வந்த ஒருவர் அப்படிச் சொன்னது ஆவுடையப்பனுக்கு விநோதமாக இருந்தது. பிறகு அம்புரோஸ் கிளம்பினார்.

“சரி அண்ணாச்சி. போறேன்.”

அந்தச் சொல் ஆவுடையப்பனின் காதில் முள்ளாகத் தைத்தது. அங்கே விடைபெறும் எவரும் ‘வாரேன்’ என்றுதான் சொல்வார்கள். சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவன்கூட ‘போறேன்’ என்று சொல்லத் துணியமாட்டான். மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பியபோது வரப்பு வெறுமையாகக் கிடந்தது. அந்த வரப்பில் நடந்து போகிற ஆள் ஒரு புள்ளியாகிக் கரைவதற்கு வெகுநேரம் ஆகும்.

வாரச் சந்தைக்குப் போய்த் திரும்பிய அருணாசலவடிவு, பையை இறக்கி வைக்கும்போதே சொன்னாள். “ஏங்க, நம்ம கருவாட்டு அம்புரோஸ் அண்ணன் செத்துப் போயிட்டாராம். நெஞ்சு வலியாம். டிவில ஓடுச்சே, பாக்கலியான்னு எல்லாரும் என்னக் கேக்காவ.”

ஆவுடையப்பன் எந்த நாள் என்று விசாரித்தார். அம்புரோஸை அடக்கம் செய்த மறுநாள்தான் அவர் கொட்டகைக்கு வந்திருக்கிறார். அவர் வந்த நாளைத் தாம்தான் தவறாக நினைவில் வைத்திருக்கிறோம் என்று முடிவுசெய்து, மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஆடி மாதம் உலகம்மாள் வந்தாள். ஆவுடையப்பனின் ஒரே தங்கை சந்தனச்செல்வியை ஆத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. உலகம்மாள் அவளுடைய மாமியார். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டுப் பக்கம் அவள் வந்ததே இல்லை. ஆடிக் காற்று பாத்திநீரைச் சுருட்டிச் சுருட்டி அடித்துக்கொண்டிருந்த நண்பகலில், வரப்பின்மேல் தன்னந்தனியாக நடந்து வந்தாள். காற்றில் கூரைத் தகரம் படபடத்தது. ஆனால் அவளுடைய சேலைத் தலைப்பு அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“வாங்க சம்பந்தி. செல்வி வரலியா?”

“அவளுக்கு வேல கெடக்கு. வீட்டுல நெறைய ஆளு. நிக்க எடமில்ல.”

“என்ன விசேஷம்?”

“சும்மா சொல்லிட்டுப் போவோம்னுதான் வந்தேன்.”

தண்ணீர் வேண்டாம் என்றாள். சற்றுநேரம் வீட்டையும் கூரைமேல் இருந்த டிஷ்ஷையும் பார்த்தாள். “போறேன் சம்பந்தி” என்றாள். இம்முறை அவர் கண்ணை எடுக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று வாரியிறைத்த உப்புத் தூசிக்காக ஒருகணம் இமை மூடித் திறந்தார். வரப்பில் யாரும் இல்லை.

அதை யாரிடமும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மறுநாள் மோட்டார் பெல்ட் வாங்க ஆறுமுகநேரிக் கடைக்குப் போனபோது, அங்கே நின்றிருந்த உறவுக்காரர் ஒருவர், “ஏன்வே, தங்கச்சி மாமியார் துட்டிக்கு நீரு வரவே இல்லியே?” என்று கேட்டார்.

மனைவியையும் அழைத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் ஆத்தூருக்கு ஓடினார். எல்லாம் முடிந்து, வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சந்தனச்செல்வி நிலைப்படியை விட்டு நகரவில்லை.

“ஊரே டிவில பாத்துட்டு வந்து நின்னுச்சு. சம்பந்தி வீட்டு மாலையும் கோடிச்சேலையும் இப்ப வரும், இப்ப வரும்னு எங்க மாமியார வாசல்லயே போட்டு வச்சிருந்தோம். ‘இவளுக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கா’ன்னு கேட்டாளுவ. நான் என்ன சொல்ல?”

“எனக்குத் தெரியாதுளா. கேபிள எடுத்துட்டோம்.”

“எடுத்தேல்லா? அந்தக் காசுல நல்லா இரி. இனி உன் வீட்டுல ஒரு துட்டி விழுந்தாத்தான் அந்த வாசல்ல நான் கால் வைப்பேன். கேட்டுக்கோ.”

‘உன் மாமியாரே வந்து சொன்னாவ, எனக்குத்தான் வெளங்கல’ என்று அவர் எப்படிச் சொல்லுவார்? திரும்பும் பேருந்தில் மனைவியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார். ஆறுமுகநேரி வரை அவள் அவர் கையை விடவில்லை. இறங்கியதும் நேரே கேபிள்காரரிடம் போனாள்.

“ஒயரா? அதப் பழைய இரும்புக் கடையில போட்டு எத்தன நாளாச்சு மதினி” என்றார் அவர்.

அதன்பிறகு ஆவுடையப்பனின் நண்பகல்கள் மாறிவிட்டன. டிஷ்ஷில் யார் யாரோ இந்தியில் பாடினார்கள், எங்கோ பனி பெய்தது. ஆத்தூரில் அன்று யார் இருக்கிறார், யார் இல்லை என்பதை அந்த நூறு சானலில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. தங்கை வீட்டுக்குப் போன் செய்தால், குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள். அவள் என்றைக்காவது ஒருநாள் அந்த வரப்பில் நடந்து வரவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. அவள் ஒரு நண்பகலில் அந்த வரப்பில் நடந்து வந்துவிடுவாளோ என்பதைத் தவிர வேறு பயமும் இல்லை.

புரட்டாசியில் அவள் வந்தாள்.

அருணாசலவடிவு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். காற்றே இல்லை. ஆவுடையப்பன் உப்பு மூட்டைகளை அடுக்கிவிட்டு, தலைமுதல் கால்வரை வெள்ளைப் பொடி படிந்தவராகக் கொட்டகை வாசலில் நின்றார். வரப்பின்மேல் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. இடக்கையை மட்டும் வீசி நடக்கும் நடை, சிறுவயதிலிருந்து அவர் அறிந்த நடை. அவரைக் கண்டதும் தொலைவிலேயே நின்றுவிட்டாள்.

செம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டார். தண்ணீர் அவர் விரல்களின்மேல் தளும்பியது.

“செல்வி. தண்ணி குடிளா.”

அவள் தலையை அசைத்தபடி ஓர் அடி பின்வாங்கினாள்.

“ஒரே ஒரு வாய் குடி. எனக்காவக் குடி.”

“வேண்டாம்ணே.” குரல் அழுது அழுது தேய்ந்து போயிருந்தது.

“அப்ப… சும்மா சொல்லிட்டுப் போவத்தான் வந்தியா?”

“நான் என்னத்தச் சொல்ல? நீதான் எங்கிட்டச் சொல்லாமப் போவ மனசில்லாம நிக்கியா?”

இருவரும் அசையவில்லை. இடையில் ஒரு பாத்தி அகலம் வெண்மையாகக் கிடந்தது. அவர் நெருங்க அஞ்சினார். அவளும் அஞ்சினாள். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏளா, செல்வியா அது?” அரிசிப் பையை இடுப்பில் இடுக்கியபடி அருணாசலவடிவு சாலையிலிருந்து கூப்பிட்டாள். “வந்தவ வெயில்ல ஏன் நிக்கே?”

சந்தனச்செல்வி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாய்ந்து அவள் தோளைப் பிடித்தாள்.

“மதினி! நெத்தியில பொட்டு வச்சிருக்கிய!”

“வைக்காம? எம் புருசன் என்ன செத்தா போயிட்டாரு?”

“செத்துட்டான்னுதான் டிவில ஓடுது. ஆறுமுகநேரி ஆவுடையப்பன், உப்பளத் தொழிலாளி, காலமானார்னு ஓடுது. போன் போட்டா எடுக்க மாட்டேங்குது. மாலை வாங்கல, கோடி வாங்கல, அப்படியே ஓடியாந்துட்டேன் மதினி.”

ஆவுடையப்பன் செம்போடு பாத்திக்குள்ளேயே இறங்கி நடந்தார். முற்றிய உப்பு அவர் காலடியில் நொறுங்கியது. தங்கையின் வாயருகே செம்பைப் பிடித்தார். அவள் மடக்கு மடக்கென்று குடித்தாள். தண்ணீர் கழுத்து வழியாக வழிந்து சேலையை நனைத்தது. செம்பு காலியாகும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

“அது வேற ஆளா இருக்கும்” என்றாள் அருணாசலவடிவு. “இந்தப் பேருக்கா ஊருல பஞ்சம்?”

“போட்டோவாவது போட மாட்டானுவளா, பாவிப்பயலுவ! நான் இந்த உப்புப் பூதத்தப் பாத்ததும் உசுரே போச்சு.”

“துட்டின்னாத்தான் வருவேன்னே. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டியே” என்றார் அவர். அவள் அழுதுகொண்டே அவர் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

மாமியார் வந்துபோனதைச் சாப்பாட்டின்போது அவளிடம் சொன்னார். அவள் சோற்றைப் பிசைந்த கையோடு அசையாமல் கேட்டாள். “சேலை என்ன நெறம்?” என்றாள். “பச்ச. அரக்குக் கரை” என்றார். அடக்கத்தின்போது உடுத்திவிட்ட சேலை அது என்று சொல்லிவிட்டு, மெல்ல எழுந்து அவரருகில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அதன்பின் பழைய கோபத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

புறப்படும்போது அவர் அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“போயிட்டு வாரேண்ணே.”

“இன்னொருக்கா சொல்லு.”

“வாரேன், வாரேன், வாரேன். போதுமா? ஞாயித்துக்கெழம வருவேன், கறி எடுத்து வை.”

அருணாசலவடிவு பேருந்துவரை துணைக்குப் போனாள். இருவரும் புள்ளியாகும்வரை பார்த்துவிட்டு ஆவுடையப்பன் கொட்டகைப் பக்கம் திரும்பினார்.

படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முன்பின் பார்த்திராத முகம். உப்பு அறுத்த வெடிப்புகள் கால் நிறைய இருந்தன.

ஆவுடையப்பன் செம்பை எடுத்தார். அவன் வாங்கமாட்டான் என்று தெரிந்தும் நீட்டினார். அவன் வேண்டாம் என்று கையசைத்தான்.

“வடக்கத்தி அளத்துல வேல அண்ணாச்சி. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான். எனக்குன்னு சொல்லுததுக்கு ஆளு அதிகமில்ல. அதான் உங்ககிட்டயாவது சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்.”

“வீடு எங்கன தம்பி?”

அவன் ரயில்வே கேட்டுக்கு அப்பால் கையைக் காட்டினான். எழுந்தான்.

“போறேன் அண்ணாச்சி.”

“சரிப்பா” என்றார் ஆவுடையப்பன்.

மோட்டாரை நிறுத்தி, மேலெல்லாம் படிந்த உப்பைக் கழுவி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கடைத்தெருவில் ஒரு மாலையும் ஒரு கோடி வேட்டியும் வாங்கினார். ரயில்வே கேட்டைத் தாண்டி, சங்கு ஊதும் ஓசையை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தார். வாசலில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். பெஞ்சில் கிடத்தியிருந்தவன் சற்றுமுன் படியில் பார்த்த அதே முகத்தோடு இருந்தான். மாலையைப் போட்டு, வேட்டியைப் போர்த்தி, காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த பெண் நிமிர்ந்து, தான் அறியாத இந்த மனிதரைப் பார்த்தாள்.

“நீங்க யாரு அண்ணாச்சி? டிவில பாத்துட்டு வாரியளா?”

“எங்க வீட்டுல கேபிள் கெடையாது தாயி” என்றார் ஆவுடையப்பன். “வந்து சொல்லிட்டுப் போனாவ.”