தெற்குச் சன்னல்

சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்து, டிரேசிங் தாளிலிருந்து மைக்கோடு ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தன கமலினியின் கைகள். அழுத்தினால் தாள் கிழியும், தயங்கினால் கறை நிற்கும். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே பேனாவை எடுத்தன.

"இண்டைக்கும் தெற்குச் சன்னலோ?" என்று கேட்டாள் விமலாதேவி. மெல்பேர்னின் கிளேட்டன் பகுதியில் கமலினியோடு ஒரே அறையில் குடியிருப்பவள். "உம்மட மனுசன் வந்து குளிரில விறைக்கப் போறார்."

"முதல்ல வரட்டும். விறைச்சாப் போத்துவிடுறன்."

கல்யாணமான மூன்றாம் மாதம் கமலினிக்கு மட்டும் விசா கிடைத்தது. அது 1974. இரண்டு வருடமாக மெல்பேர்னில் ஓர் உள்ளலங்கார நிறுவனத்தில், மற்றவர்கள் வரைந்த படங்களை மையில் படியெடுக்கிறாள். தொழில் கொழும்பில் ஒரு தளபாடக் கம்பனியில் பார்த்துப் பழகியது. வடிவமைப்பாளர் தகுதிப் பரீட்சையில் தேறினால் நிரந்தர வேலை, கணவனின் விசாவுக்கு நிறுவனத்தின் கடிதம். போன வருடம் இதே சன்னலால்தான் தோற்றாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கணவன் ஆனந்தராஜா எழுதும் ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரி முடியும்: "வீடு பார்த்தால் கட்டிலைத் தெற்குச் சன்னலோரம் போடும். சோளகக் காத்து நல்லா வரும்."

இங்கே தெற்கிலிருந்து வருவது பனிக்கடல் காற்று. வெயில் வடக்கிலிருந்து விழும். அவளுக்கு அது தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

இந்த வருடப் பரீட்சையில் ஒரு தம்பதிக்கான சிறிய வீட்டை வரையக் கேட்டிருந்தார்கள். ஆறு மணித்தியாலம். பென்சில் முதலில் தெற்குச் சுவருக்கே போனது. அழித்தாள். அந்தச் சுவர் நீளத்துக்கும் அலுமாரியை நிறுத்தினாள். கட்டிலைத் திருப்பி வடக்குச் சன்னலின் கீழ் வைத்து, இரண்டு பக்கமும் இடைவெளியை இரண்டு தரம் அளந்தாள். வலப்பக்கம் அவருடையது. காலையில் எழும்பும்போது அவருடைய முதுகில் வெயில் படும். சோளகம் வராது, அதைக் கடிதத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு மை. இந்தத் தடவை பிளேடு தேவைப்படவில்லை.

மேற்பார்வையாளர் மேசையருகே வந்து, முடிந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம்" என்று தமிழிலேயே ஆமோதித்தாள்.

அவருக்குப் புரிந்ததோ என்னவோ, கையை நீட்டினார். அலுமாரிக் கோட்டின் ஓரத்தில் விரல் வைத்து மை காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, கமலினி தாளை இரண்டு கைகளாலும் கொடுத்தாள்.